ஆவிக்கு முறை வைத்தோம்

வலங்கைமான் பக்கத்து அரிசி ஆலையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, எங்கள் தெருவில் என் வயதுப் பையன்கள் பாதிப் பேர் துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போய்விட்டிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்த கையோடு பாஸ்போர்ட்டும் எடுத்தாயிற்று. வளைகுடாவில் ஒரு டீசல் மின்நிலையத்துக்கு ஆள் வேண்டும் என்று ஏஜெண்ட் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில்தான் ஆலை முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். அவரை எல்லோரும் பாய் என்றுதான் சொல்வார்கள். பல வருஷம் வளைகுடாவில் எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்துவிட்டு வந்து இந்த ஆலையை வாங்கியவர்.

"அங்க கிணத்துல வர்ற வாயுவைச் சும்மா வானத்தைப் பார்த்துக் கொளுத்தி விடுவாங்க தம்பி. பார்க்கப் பார்க்க வயிறு எரியும். இங்க என்னடான்னா உமியை மலையாக் குவிச்சு வச்சுக்கிட்டு, டீசல் வாங்கி ஜெனரேட்டர் ஓட்டிக்கிட்டு இருக்கோம்."

தனியாரும் மின்சாரம் தயாரித்து அரசாங்கக் கம்பியில் ஏற்றலாம் என்று சட்டம் தளர்ந்திருந்த காலம் அது. பாய் பெரிய பாய்லர் ஒன்றும், சின்ன டர்பைன் ஒன்றும் இறக்கியிருந்தார். உமியை எரித்தால் ஆவி. ஆவி டர்பைனைச் சுற்றும், மின்சாரம் வரும். டர்பைனின் நடு வயிற்றிலிருந்து ஒரு குழாய் பிரிந்து, பாதி வேலை செய்து முடித்த ஆவியை நெல் அவிக்கும் தொட்டிகளுக்குக் கொண்டுபோகும். ஒரே நெருப்பில் சூடும் மின்சாரமும். உமி எரிவதால் வரும் புகைகூட, பயிர் வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான். பூமிக்கு அடியிலிருந்து புதிதாக எதையும் தோண்டி எரிக்கவில்லை. இது புரிந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

முதல் முறை மின்வாரியக் கம்பியோடு சேர்த்த நாளை எப்படிச் சொல்வது! பேனலில் ஒரு முள் சுற்றிக்கொண்டிருக்கும். நம் ஜெனரேட்டரும் நாட்டு மின்சாரமும் ஒரே தாளத்துக்கு வரும்போது முள் மெல்ல மெல்ல ஊர்ந்து உச்சிக்கு வரும். அந்த நொடியில் சுவிட்சைப் போட வேண்டும். போட்டேன். டம் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எங்கள் வயலில் விளைந்த உமி கன்னியாகுமரி வரை போகும் கம்பியில் கலந்துவிட்டது. எனக்கு உடம்பு முழுக்கச் சிலிர்த்தது.

ஆனால் நிரந்தர இணைப்பு அவ்வளவு லேசில் கிடைப்பதாக இல்லை. வாரியத்து அதிகாரி நிபந்தனை ஒன்று வைத்தார். வழக்கமாக வேலை நடக்கும் ஒரு முழு நாள், நெல் அவிப்பதோடு சேர்த்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை டர்பைன் ஒரு தடவைகூட கம்பியிலிருந்து அறுபடாமல் ஓட வேண்டும். ஓடாவிட்டால் அடுத்த சோதனை சம்பா சீசன் முடிந்த பிறகுதான். பாய் என்னிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: இணைப்பு வரவில்லை என்றால் டர்பைன் சும்மாதான் நிற்கும், உனக்கும் இங்கே வேலை இருக்காது தம்பி. அதாவது, நான் மறுபடி ஏஜெண்ட் வீட்டுக்குப் போக வேண்டும்.

சோதனைக்கு முன்னால் ஒத்திகை பார்த்தோம். எந்தெந்த மணிக்கு எந்தத் தொட்டி என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன். அன்றைக்குப் பார்த்து விடியும்போதே மப்பு. அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காயவைக்க வெயில் வேண்டும். வெயில் இல்லாமல் அவித்தால் நெல் புளித்து நாறிவிடும். அதனால் ஒருத்தரும் தொட்டிக்கு ஆவி விடும் வால்வைத் திறக்கவில்லை. நடுக்காலையில் திடீரென்று மப்பு விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. அடுத்த நிமிஷம் எல்லாத் தொட்டிகளிலும் ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. பாய்லரில் அழுத்தம் சரிந்தது. டர்பைன் கம்பியிலிருந்து அறுபட்டு, உறுமிக்கொண்டே நின்றுபோனது.

ஓடினேன். நெல் அவிக்கும் மேஸ்திரி வேறு யாருமில்லை, என் தாய்மாமன்தான். களத்தில் நெல் கிளறுகிறவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. எல்லார் முன்னாலும் மாமனிடம் சுவரில் ஒட்டியதைப் பார்க்கவில்லையா என்று கத்திவிட்டேன்.

"நெல்லுக்கு மணி பார்க்கத் தெரியாது மாப்ள" என்றார் மாமன். "நீ வேணா சூரியனுக்கு ஒரு காயிதம் எழுதி ஒட்டு. அது படிச்சிட்டு வருதான்னு பார்ப்போம்."

களமே சிரித்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

கோபம் தணிந்ததும் உட்கார்ந்து கேட்டேன். வெயில் வந்தது சரி, ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஏன் திறக்க வேண்டும்? அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒவ்வொரு தொட்டியும் ஒரு ஜோடியின் பொறுப்பு. காயவைத்த மூட்டைக்குத்தான் கூலி. முதலில் அவித்தவர்கள் களத்தில் நல்ல வெயில் விழும் நடுப்பகுதியைப் பிடித்துக்கொள்வார்கள். பிந்தியவர்களுக்கு மதில் நிழல்தான். அதனால் வெயில் முகம் காட்டியதும் ஓட்டப்பந்தயம். இதை நான் எந்தப் படத்திலும் வரைந்திருக்கவில்லை.

இந்தச் சண்டை எனக்குப் புதிது இல்லை என்று அப்புறம்தான் உறைத்தது. எங்கள் ஊர் கடைமடை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். ஆற்றில் தண்ணீர் குறைந்த வருஷம் ஒரே வாய்க்காலில் எல்லாரும் மடையைத் திறந்தால் யாருக்கும் எட்டாது. அதனால் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். ஒரு வயல் நிறைந்ததும் குரல் கொடுப்பார்கள், அடுத்தவர் திறப்பார். போன முறை கடைசியில் வாங்கியவருக்கு இந்த முறை முதலிடம். கடிகாரம் எல்லாம் கிடையாது.

மாமனிடம் போய், ஆவிக்கும் அப்படியே முறை வைத்தால் என்ன என்று கேட்டேன். நடுக்களத்தையும் பங்கு பிரித்து எல்லாருக்கும் விட வேண்டும் என்றேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். பிறகு, கடைசித் தொட்டிக்காரன் நெல் ஈரமாகப் போனால் அவன் கூலிக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். பாயிடம் கேட்டுக்கொண்டு வந்தேன். சோதனை நாளில் யாருக்கும் கூலி குறையாது என்றார். சுவரில் இருந்த காகிதத்தை மாமனே கிழித்து, அதன் பின்பக்கத்தைச் சீட்டாக்கினார்.

சோதனை நாளுக்குக் கடைசிச் சீட்டு யாருக்கு விழுந்தது என்கிறீர்கள்? அம்மாவுடைய ஜோடிக்கு.

"மவன் கரண்டு விக்கிறதுக்கு ஆத்தா நெல்லு நாறணுமாக்கும்" என்று சொல்லிவிட்டு, சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

சோதனை நாளும் மப்பும் மந்தாரமுமாகத்தான் விடிந்தது. அதிகாரி பேனல் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பாய் வாசலுக்கும் பேனலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். நான் பேனலுக்கும் ஜன்னலுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். வெயில் வந்தது. முதல் தொட்டி திறந்தது. பேனலில் ஆவி அழுத்தம் காட்டும் முள் கொஞ்சம் இறங்கியது. நெருப்புப் பார்ப்பவர் உமியைத் தள்ளினார், முள் ஏறியது. மாமன் வாய்க்கால் கரையில் நிற்கிற மாதிரியே கையை வாயில் குவித்து "விடலாமோய்" என்று குரல் கொடுத்தார். இரண்டாவது திறந்தது. அடுத்தது. ஒவ்வொரு குரலுக்கும் முள் இறங்கி, நின்று, மறுபடி ஏறியது. அவ்வளவு அழகான ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை.

ஒரே ஒரு தொட்டி பாக்கி இருக்கும்போது மேற்கே மறுபடி கறுத்தது. அதற்கு முந்திய தொட்டியில் ஆவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, முள் அடிமட்டத்தில் நடுங்கியது. அம்மா வால்வில் கை வைத்தபடி வானத்தைப் பார்த்தாள். ஊறிய நெல் முழுத் தொட்டி. அவளுடைய ஜோடிக்காரி, திற அக்கா, மழை வருது என்று நச்சரிப்பது ஜன்னல் வரைக்கும் கேட்டது. இப்போது திறந்தால் எல்லாம் போயிற்று. எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. மாமனைத்தான் பார்த்தாள். மாமன் கையைத் தாழ்த்திப் பிடித்தார், பொறு என்று. பொறுத்தாள். முள் ஒரு கோடு ஏறியது. இன்னொரு கோடு.

"விடலாமோய்!"

அம்மா திறந்தாள். டர்பைன் குரல் மாறாமல் ஓடியது.

களத்தில் ஏற்கெனவே பாதி காய்ந்திருந்த நெல்லை மற்ற ஜோடிகள் யாரும் சொல்லாமலே இரண்டு பக்கமும் ஒதுக்கிக் கூட்டினார்கள். அம்மாவின் நெல் நடுக்களத்தில், சூடாக இருந்த தரையில் விழுந்தது. மழை நாலு தூறலோடு போய்விட்டது.

பொழுது சாயும் நேரம் அதிகாரி எழுந்து, பேனலை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பாய் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்போது பேனல் அறைப் போன் அடித்தது. துணை மின்நிலையத்தில் இருக்கும் ஆபரேட்டர். தினமும் சாயங்காலம் எங்கள் பக்கத்துக் கம்பியில் வோல்டேஜ் இறங்கி, வயல் மோட்டார்கள் முனகிக்கொண்டு நிற்கும். இன்றைக்கு எல்லாம் ஓடுகின்றனவாம்.

"சார், சோதனை முடிஞ்சிடுச்சுன்னு சட்டுனு நிறுத்திடாதீங்க" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் ஓடுமா?"

முதல் முறையாக என்னை ஒருவர் சார் என்கிறார். அதைக் கவனிக்கக்கூட நேரமில்லை. போனை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு, உமி தள்ளச் சொல்லிப் பாய்லர் பக்கம் ஓடினேன்.