மேப்பில் காட்டிய இடத்தில்தான் நின்றோம்

போன வருடம் மழை ஓய்ந்த சமயம் நடந்தது இது. அம்பத்தூர் பக்கம் ஒரு சைக்கிள் கிளப். ஞாயிறு காலைகளில் எங்காவது கூடி ஓட்டுவார்கள். 'யாரும் வரலாம்' என்று அவர்கள் இணையதளத்தில் போட்டிருக்கும். அதன் ஃபீடை என் போனில் சேர்த்து வைத்திருந்தேன். புது அறிவிப்பு தானாக வந்து விழும். கூடும் இடமும் ஓட்டும் பாதையும் மேப்பில் தெரியும்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். எழுத்தில் இருப்பதை அப்படியே நம்புகிற ஆள்.

சேக்காட்டிலிருந்து கேரியர் வைத்த என் பழைய சைக்கிளை மிதித்து அயனம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போனேன். ஒருவரும் இல்லை. அடுத்த வாரமும் அதே கதை. கிளப் நம்பருக்குப் போன் போட்டபோதுதான் தெரிந்தது. கடைசி நேரத்தில் இடத்தை மாற்றி, உறுப்பினர் குரூப்பில் மட்டும் சொல்வார்களாம். அதில் சேர, உள்ளே இருப்பவர் யாராவது சிபாரிசு செய்ய வேண்டுமாம். எனக்கு அங்கே யாரைத் தெரியும்?

அப்பா சிரித்தார். "எயுதி வச்சிட்டா நெசமாய்டுமா நைனா? பேசாம ஊட்ல கெட."

வீம்புக்கு மறு வாரமும் போனேன். அங்கே ஓர் அக்கா, பள்ளியில் படிக்கும் மகளோடு நின்றிருந்தார். வேப்பம்பட்டிலிருந்தே மிதித்து வந்தவர்கள்.

"இன்னாபா, ஒருத்தரையும் காணோம்? இதானே எடம்?" என்று போனைக் காட்டினார். நடந்ததைச் சொன்னேன். மகள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். எனக்குச் சுருக்கென்றது.

"ஹெல்மெட்ட மாட்டிக்கமா. இதான் எடம். நாம வந்துகீறோம் இல்ல, கெளம்பலாம்" என்றேன்.

அறிவிப்பில் போட்டிருந்த பாதையிலேயே மூவரும் ஓட்டினோம். படம் எடுத்து, அந்த அறிவிப்பின் கீழேயே 'இன்றைய கிளப் ஓட்டம் முடிந்தது' என்று போட்டேன்.

மாலையில் கிளப் நிர்வாகி கூப்பிட்டார். கிளப் பெயரில் ஓட்ட யார் அனுமதி கொடுத்தது, படத்தை உடனே நீக்கு என்று காய்ந்தார். நான் சொன்னேன்: "சார், வரச் சொல்லி எழுதுனது நீங்க. நாங்க வந்தோம். வராதது நீங்கதான்."

படத்தை நான் நீக்கவில்லை. அவர்கள் இன்னும் இடத்தை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாங்களும் அறிவிப்பைப் பார்த்து ஏமாந்து வருகிறவர்களைச் சேர்த்துக்கொண்டு, மேப் காட்டும் இடத்திலிருந்தே கிளம்புகிறோம். எழுதி வைத்தால் மட்டும் நிஜமாகிவிடாது, அப்பா சொன்னது சரிதான். அதை நம்பி யாராவது அங்கே போய் நிற்க வேண்டும், நான் நிற்பேன்.