சீர் மெத்தையை அமுக்கிப் பார்த்தவர்கள்

என் கல்யாணத்தில் என்னைப் பார்த்தவர்களைவிட மெத்தையைப் பார்த்தவர்கள்தான் அதிகம். பொறாமையில் சொல்லவில்லை. திண்டிவனத்தில் அந்த மண்டபத்துக்கு வந்திருந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

நிச்சயம் முடிந்ததிலிருந்து மாப்பிள்ளை தினமும் செல்போனில் பேசுவார். ஒருநாள் ரொம்ப இழுத்து, நடுவில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, விஷயத்தைச் சொன்னார். லாரி ஓட்டி ஓட்டி அவருக்கு முதுகில் டிஸ்க் விலகியிருக்கிறதாம். அவர் வீட்டிலேயே யாருக்கும் தெரியாதாம். மெமரி ஃபோம் மெத்தையில் படுத்தால் வலி அடங்குகிறது, சீரில் அதை வைக்க முடியுமா, ஆனால் தான் கேட்டது வெளியே தெரியக் கூடாது என்றார். அப்பாவிடம் மட்டும் சொல்வேன் என்றேன். தாலி கட்டும் முன்பே சொன்னாரே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

அப்பா விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்தார். எதையும் கையால் தொடாமல் நம்ப மாட்டார். மெத்தைக் கடையில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, அமுக்கிப் பார்த்து, படுத்துப் பார்த்து, கடைக்காரர் சொன்னதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். நல்ல மெமரி ஃபோம் கனமாக இருக்கும். அமுக்கிக் கையை எடுத்தால் பள்ளம் மெதுவாகத்தான் நிரம்ப வேண்டும். சட்டென்று துள்ளினால் அது சாதா ஃபோம். குளிரில் விறைக்கும், சூட்டில் இளகும். புதிதில் மருந்து வாசனை அடிக்கும், காற்றாட வைத்தால் போய்விடும். வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் நிற்க வைத்து இதை ஒப்பித்தார். முதுகு விஷயத்தை மட்டும் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

இங்கேதான் மாப்பிள்ளையின் பெரியப்பா வருகிறார். திண்டிவனத்தில் இலவம்பஞ்சு மெத்தை தைத்து விற்பவர். ஊரில் பாதிப்பேர் தன் மெத்தையில் பிறந்தவர்கள் என்று அவரே சொல்லிக்கொள்வார். தான் இருக்கும்போது சம்பந்தி வேறு கடையில் மெத்தை வாங்கியது அவருக்கு ஆறவே இல்லை.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மத்தியானம், ரிசப்ஷனுக்கு முன்னால், மணப்பெண் அறைக்கு வந்து மெத்தையில் ஒரு குத்து விட்டார். ஏசியில் கிடந்த மெத்தை விறைத்துப்போய் இருந்தது. பலகைக்கு உறை மாட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். பிறகு அதைத் தூக்கி வந்து கூடத்தில் சீர்க் கட்டிலின்மேல் போட்டார்கள். வைகாசி வெயில், தகரக் கூரை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி குத்தினார். முழங்கை வரை உள்ளே போனது. அவ்வளவுதான், மெத்தையை மாற்றிவிட்டார்கள் என்று மண்டபம் முழுக்கச் சேதி பரவியது.

பந்தியில் உட்கார்ந்தவர்கள்கூட எழுந்து வந்தார்கள். பெரியப்பா ஒவ்வொன்றாக விளக்கினார். நல்ல மெத்தை லேசாக இருக்கணும், இது கனக்கிறது, உள்ளே குப்பை. நல்ல பஞ்சு கையை எடுத்ததும் எழும்பும், இது பள்ளமாகவே கிடக்கிறது, பழசு. மருந்து நாற்றம் வேறு அடிக்கிறது, அப்படியானால் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தது. அப்பா மெச்சி வாங்கிய அத்தனையும் இவர் வாயில் குற்றமாக மாறிக்கொண்டிருந்தது. பருமனான ஓர் அத்தை உட்கார்ந்து எழுந்தார். அந்தப் பள்ளம் மேலே வருவதை, ஏரி நிரம்புவதைப் பார்க்கிற மாதிரி கூட்டமே நின்று பார்த்தது. அதில் யாரோ செத்திருக்கிறார்கள் என்று ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பெரியப்பா அப்பா பக்கம் திரும்பினார். "இன்னா சம்பந்தி, எவனோ படுத்து எழுந்த மெத்தையப் போய் எங்க புள்ளைக்குக் குடுத்துட்டீங்களே."

மண்டியில் அப்பா ஒரு சத்தம் போட்டால் தராசே ஆடும். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பெரியப்பா வாயை மூடியிருப்பார். அப்பா கையைக் கூப்பினார். "தப்பா நெனச்சிக்காதீங்க. இத எடுத்துக்கினு போயிடறேன். உங்க கடையிலயே பஞ்சு மெத்த வாங்கிப் போட்டுடறேன்."

மாப்பிள்ளை கோட்டும் சூட்டுமாக பீரோ பக்கத்தில் நின்றுகொண்டு, இடுப்பில் ஒரு கையை முட்டுக் கொடுத்து, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் இப்போது வாயைத் திறக்கவில்லை என்றால் நான் மேடை ஏறப் போவதில்லை, வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவேன் என்று முடிவு செய்துவிட்டேன். கல்யாணப் பெண் தலைகுனிந்து நிற்க வேண்டுமாம். நான் அவரை முறைத்தேன். அவரும் பார்த்துவிட்டார்.

"பெரியப்பா, நான்தான் கேட்டேன்" என்றார். குரல் எழும்பவே இல்லை. "எனுக்கு டிஸ்க் வெலகி இருக்குது. யாருக்கும் சொல்லாதீங்கன்னு அவங்ககிட்ட சொன்னதும் நான்தான்."

உடனே எங்கள் பக்கத்தார் மாப்பிள்ளையின் முதுகைச் சோதிக்கக் கிளம்பினார்கள். சித்தப்பா முன்னால் வந்து, எங்கே குனியுங்கள் பார்க்கலாம் என்றார். மாமா கோட்டுக்கு மேலேயே முதுகைக் கட்டைவிரலால் அமுக்கினார். அரிசி மூட்டை தூக்க முடியுமா, தாலியை நின்றுகொண்டு கட்டுவாரா உட்கார்ந்துகொண்டா என்று ஆளாளுக்குக் கேள்வி. பெரியப்பா கொஞ்சமும் கூசாமல் கட்சி மாறி, எங்கள் பிள்ளை முதுகு நல்ல முதுகு, தொடாதீர்கள் என்று நடுவில் புகுந்து சண்டை போட்டார். மெத்தையை எல்லோரும் மறந்தே போனார்கள்.

அப்பா அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். பட்ட அவமானத்துக்கு இப்போது நன்றாகக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"காலைலேர்ந்து நின்னுக்கினே இருக்கீங்களே மாப்ள. வலிக்குதா?"

அவர் தலையாட்டினார். அப்பா அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, தானே குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். மாப்பிள்ளை கோட்டோடு அப்படியே சாய்ந்தார். உடம்பு மெதுவாக உள்ளே இறங்கியது, முகத்தில் இருந்த வலியும் இறங்கியது. கண்ணோரம் ஈரமாகிவிட்டது. எனக்கு இரண்டு பேரையும் ஒன்றாகக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அந்தக் கூட்டத்தில் எப்படி முடியும், அழுதேன்.

பெரியப்பாவைக் காணோம். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே எல்லோரும் நினைத்தோம். பக்கத்துத் தெருவில்தான் அவர் கடை. மூச்சு வாங்கத் திரும்பி வந்தவர் யார் முகத்தையும் பார்க்காமல், மாப்பிள்ளையின் தலையை மெல்லத் தூக்கிக் கீழே ஒன்றைச் செருகினார்.

"தலகாணியாவது பஞ்சுல இருக்கட்டும்" என்றார்.