இரண்டு பேருக்குக் கொடுத்த வாக்கு

எதிர்வீட்டு மாமாவின் மகனும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. மூன்று வருடத்துக்கு முன் அவனுக்கு எஸ்டோனியாவில் வேலை கிடைத்தது. மாமி தவறி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மனைவியோடு கிளம்பும்போது எங்கள் பேட்டையான ஸ்ரீவராகத்தில் அப்பாவைத் தனியாக விட்டுப்போகிறோமே என்ற தவிப்பு அவன் முகத்தில் தெரிந்தது.

"அப்பா தன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லமாட்டார். நீதான் எனக்கு உள்ளதை உள்ளபடி சொல்லணும்" என்றான்.

சொல்கிறேன் என்றேன். சனிக்கிழமை தோறும் மதியம் கூப்பிடுவான். மாமாவின் சர்க்கரை அளவு, பல்வலி, சமையற்கார அம்மாள் வராமல் போன நாள் என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவேன். ஒருநாளும் எதையும் மறைத்ததில்லை.

போன வருடம் ஜூன் மாதம், இடவப்பாதி மழை பிடித்த வாரம். தம்பானூரில் டிராவல்ஸ் ஆபீஸ் வேலை முடிந்து கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். அங்கே மாமா காய்கறிப் பையோடு நனைந்தபடி நின்றிருந்தார். என்னைக் கண்டதும் அவருக்கு உயிர் வந்தது.

"நம்ம ஆத்துக்கு எந்த பஸ்ல ஏறணும்?" என்று கேட்டார்.

வீடு நடந்து போகிற தூரம். பிறந்ததிலிருந்து அவர் நடந்த வழி. ஆட்டோ பிடித்தேன். வீட்டுக்குள் நுழைந்து தலை துவட்டியதும் தெளிந்துவிட்டார். எனக்கு முன்பே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது போலிருந்தது. இதற்கு முன்னும் இரண்டு தடவை இப்படி ஆயிற்று என்று அவரே சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அவன்கிட்ட இப்போ சொல்லாண்டாம், கேட்டியா? மாட்டுப்பொண்ணுக்கு மாசம் தெகஞ்சிருக்கு. தெரிஞ்சா போட்டது போட்டபடி ஓடி வருவான். பதினஞ்சு நாள் போகட்டும், பிரசவம் ஆகட்டும். நானே சொல்லிக்கறேன். எனக்கு வாக்கு குடு."

என் கையைப் பிடித்துக்கொண்டார். கொடுத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆபீஸுக்குக் கிளம்புமுன் எதிர்வீட்டுக்குப் போய் காஸ் அடுப்பைத் தொட்டுப் பார்ப்பேன். பஸ் ஏறியபின் பார்த்தோமா இல்லையா என்று சந்தேகம் வரும். பத்து மணிக்கு ஒரு போன், பன்னிரண்டுக்கு ஒரு போன். எடுக்க நேரமானால் நாற்காலியில் உட்கார முடியாது. சென்னைக்குப் போகவேண்டிய ஒரு குடும்பத்துக்கு மறுவாரத் தேதியில் டிக்கெட் போட்டு வைத்தேன். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா என்று மலையாளத்தில் விசாரித்தார்.

முதல் சனிக்கிழமை அவன் கேட்டபோது, சுகமாக இருக்கிறார் என்றேன். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது.

இரண்டாவது சனிக்கிழமை உற்சாகமாகப் பேசினான். அந்த நாட்டு மொழியைக் கற்க வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். அந்த வாரம் வாத்தியார் ஒரு பழமொழி சொல்லிக் கொடுத்தாராம், சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதைப் பற்றி. அவர்கள் மொழியிலேயே அதை இரண்டு தடவை சொல்லிக் காட்டினான். என் காதில் எதுவும் நிற்கவில்லை.

"கிளாஸ்ல உன்னைத்தான் நெனச்சுண்டேன்" என்றான்.

போனை வைத்துவிட்டு வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை போனில் அவன் எண்ணை எடுத்தேன். பிரசவ அறைக்கு வெளியே அவன் நிற்பதை நினைத்து அணைத்தேன். இரண்டு நாள் கழித்து மாமா பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். புகையைப் பார்த்து ஓடியது நான். பாத்திரம் கருகியதோடு போயிற்று. அன்றும் நான் சொல்லவில்லை.

அந்த வார வெள்ளிக்கிழமை பெண் குழந்தை பிறந்தது. படம் வந்தது. மறுநாள் சனிக்கிழமை அவன் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டுக்குப் போனேன். மாமா மிகுந்த சந்தோஷத்தில் இருந்தார். குழந்தையின் படத்தை என்னிடம் மூன்றாவது தடவையாகக் காட்டினார். பதினைந்து நாள் முடிந்துவிட்டது, இனி நீங்கள் அவனிடம் சொல்லவேண்டும் என்றேன்.

"என்ன சொல்லணும்?"

பஸ் ஸ்டாண்டைச் சொன்னேன். மழையைச் சொன்னேன். என் கையைப் பிடித்து வாக்கு கேட்டதைச் சொன்னேன்.

"நான் கேட்டேனா? எப்போ?" என்றார். நடிப்பு இல்லை. என் மனம் நோகக்கூடாதே என்று ஞாபகப்படுத்திக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. ராத்தூக்கம் பாழாகி நான் காத்துவைத்திருந்த வாக்கு அவர் நினைவில் இல்லவே இல்லை.

வெளியே வந்து தெருவை இரண்டு சுற்று சுற்றினேன். பிறகு அவனைக் கூப்பிட்டேன். அங்கே காலை எட்டு மணி இருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன். கருகிய பால் பாத்திரம் வரைக்கும்.

"எத்தனை நாளா இது?"

"எனக்குத் தெரிஞ்சு பதினாறு நாள்."

"நடுவுல ரெண்டு சனிக்கிழமை பேசினோமே."

"மாமா எங்கிட்ட வாக்கு கேட்டார்."

"நானுந்தான் கேட்டேன்" என்றான்.

குரல் உயரவில்லை. பின்னால் குழந்தை அழுதது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.

ஒரு மாதம் கழித்து வந்தான். டாக்டரிடம் காட்டினான். மறதி நோய்தான் என்று உறுதியாயிற்று. மாமா ஊரை விட்டு வரமாட்டேன் என்றதால், வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து ஒரு நர்ஸை ஏற்பாடு செய்தான். எங்கள் வீட்டில் இரண்டு நாள் சாப்பிட்டான். சிரித்துத்தான் பேசினான். புறப்படும் அன்று, "இனிமே நர்ஸ் நேரா எனக்கே சொல்லிடுவா. உனக்கு சிரமம் வேண்டாம்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதற்குப் பிறகு சனிக்கிழமை அழைப்பு இல்லை. பண்டிகைக்கு வாழ்த்து வரும், குழந்தையின் படம் வரும்.

யாருக்குக் கொடுத்ததைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை மதியம் ஆனால் உட்கார்ந்து சாப்பிட முடிவதில்லை. தட்டோடு நடக்கிறேன்.

போன வாரம் மாமா, திங்கட்கிழமை ஆரியசாலைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அப்பளம் வாங்கவேண்டுமாம். சரி என்றேன். திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன். எதற்கு வந்தாய் என்று கேட்டார். ஆரியசாலைக்கு, என்று சொல்லி அவர் செருப்பை எடுத்து வைத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் காலை நுழைத்தார். நர்ஸிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.