பிரான்மலை மேகத்தில் ஒரு ‘இந்தாங்க’

“டிசம்பரில் பிரான்மலை ஏறப் போகிறோம். நானும் கணவரும் மட்டும்தான். வழி சொல்லுங்களேன்” என்று போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். அம்மா தாயே, நான் அந்த மலையில் ஏறியது 1973 டிசம்பரில். இப்போது பாதை எப்படி இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. ஆனால் மேகம் அதே மேகம்தான், புருஷன்மாரும் அதே புருஷன்மார்தான். அதனால் எழுதுகிறேன்.

அந்த வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு எங்களுக்குக் காரைக்குடியில் நிக்காஹ் நடந்தது. நாற்பதாம் நாள் இந்தப் பயணம். அதற்கு ஒன்பதாம் நாள் அவருக்கு நாகப்பட்டினத்தில் கப்பல். பினாங்கில் ஒரு துணிக்கடையில் மூன்று வருஷ வேலை. போகுமுன் மலை உச்சியிலிருக்கும் தர்காவில் ஜோடியாக ஃபாத்திஹா ஓதிவிட்டு வரவேண்டும் என்று அவருடைய அம்மா, என் மாமி, நேர்ந்திருந்தார்கள். மாமிக்கு முழங்கால் வலி, கூட வர முடியவில்லை. ஆக, நாங்கள் தனியாகப் போனது சத்தியமாக எங்கள் ஏற்பாடு இல்லை. உள்ளுக்குள் எனக்கு இனித்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

காலை ஆறே காலுக்குக் காரைக்குடியில் பஸ். திருப்பத்தூரில் மாறி, சிங்கம்புணரியில் மறுபடி மாறி, அடிவாரத்தில் இறங்கும்போது ஒன்பதே முக்கால். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான், அதற்கு மூன்றரை மணி நேரம்! ஆளுக்கு ஒரு ரூபாய் எண்பது காசு ஆனதாக ஞாபகம். நல்ல குளிர். என் புதுச்சேலைக்கு மேல் மாமியின் கம்பளிச் சால்வை. அவருக்கு வெள்ளைச் சட்டை, கைலி, சோடாபுட்டிக் கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றினால் நாலடி தள்ளி நிற்பது மனிதனா மரமா என்று தெரியாது அவருக்கு.

டீக்கடைக்காரர் கண்ணாடித் தம்ளரை நீட்டிக்கொண்டே மலையைப் பார்த்தார்.

“மேகம் எறங்கப் பாக்குது. வெரசாப் போயிட்டு மத்தியானத்துக்குள்ள எறங்கிருங்க. பாறையில சுண்ணாம்பு அடையாளம் வச்சிருக்கு. அதை விட்டு அங்குட்டு இங்குட்டு வெலகாதீக. மேக்காலே பூராம் வழுக்குப்பாறை.”

“சரிங்கண்ணே” என்றார் இவர். இவர் ‘சரி’ என்றால் காதில் விழவில்லை என்று அர்த்தம் என்பது நாற்பது நாளில் எனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஏற இரண்டேகால் மணி நேரம் பிடித்தது. பாதி ஏறும்போதே கெண்டைக்கால் இறுகிவிட்டது. மேலே ஓதி முடித்து, கொண்டுபோன நாட்டுச்சர்க்கரையை அங்கிருந்தவர்களுக்குக் கொடுத்தோம். மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது, கணவன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். அந்த அம்மாள், “சேர்ந்தே எறங்குவமா?” என்று கேட்டார். “நீங்க முன்னால போங்க, நாங்க மெதுவா வாரோம்” என்றேன் நான். தனியாக இறங்கும் ஆசை. யாரைக் குற்றம் சொல்ல?

இரண்டரை மணிக்கு இறங்க ஆரம்பித்தோம். கால் மணி நேரத்தில் மேகம் வந்து மூடியது. முன்னால் போகிறவரின் முதுகு மட்டும் தெரிந்தது. சுண்ணாம்பு அடையாளத்தைப் பார்த்துப் பார்த்து அவர் நடக்க, அவரைப் பார்த்துப் பார்த்து நான் நடந்தேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான், ஏறும்போது இல்லாத முள்ளுப்புதர் இங்கே எப்படி வந்தது என்று எனக்கு உறைத்தது. பக்கத்துப் பாறையில் இருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டினேன். சுண்ணாம்பு இல்லை. பாறையில் பூத்துக் கிடந்த வெள்ளைப் பூசணம்! எத்தனை நேரமாக அதன் பின்னால் போனோமோ, அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

“மேலேயே திரும்பிருவோம்” என்றேன்.

“நீ இங்கனயே நில்லு புள்ள. நான் பத்தடி போயிப் பாத்துட்டு வாரேன்” என்றார். போய்விட்டார்.

பத்தடிக்குப் பிறகு முதுகும் இல்லை. சரளைக்கல் சரியும் சத்தம். பிறகு ‘ணங்’ என்று எதுவோ பாறையில் பட்டுக் கீழே கீழே போகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. கப்பலுக்கு நேர்ந்துகொள்ள வந்து, மலையிலேயே ஆளைத் தொலைத்துவிட்டு மாமி முகத்தில் எப்படி விழிப்பேன்? மாமி கிடக்கட்டும், எனக்கு அவர் வேண்டும்.

“இந்தாங்க!” என்று கத்தினேன்.

எங்கள் வீட்டுப் பெண்கள் புருஷனைக் கூப்பிடும் வார்த்தை அதுதான். பேர் சொல்லுவதாவது? ரேஷன் கார்டுக்காரர் கேட்டால்கூடப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சொல்லச் சொல்லுவோம்.

எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் கிழக்கே, எங்கோ கீழே, இன்னொரு குரல் கேட்டது. “இந்தாங்க! இங்குட்டு வாங்க!” அந்த மதுரை அம்மாள். சரியான பாதையில் இறங்கிக்கொண்டே, பின்தங்கிவிட்ட தன் வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறார்.

“இந்தா வாரேன்!” என்று பதில் சொன்னது என் வீட்டுக்காரர்.

அந்த நிமிஷம் காற்றடித்து மேகம் கொஞ்சம் விலகியது. முப்பதடி கீழே வெள்ளைச் சட்டை. முகத்தில் கண்ணாடி இல்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டித் துழாவிக்கொண்டு, அந்த அம்மாளின் குரலைப் பார்த்து நடக்கிறார். நடுவே ஈரத்தில் பளபளக்கும் வழுக்குப்பாறை. அதற்கப்புறம் வெறும் மேகம்.

“இந்தாங்க! அங்குட்டுப் போகாதீக!” என்று கதறினேன். அதே நேரம் அந்த அம்மாளும், “இந்தாங்க, வெரசா வாங்க!” என்கிறார். இவர் அந்தக் குரலுக்கே ஒரு அடி வைத்தார். இன்னும் ஒரு அடி வைத்தார்.

நிக்காஹ் அன்று பள்ளிவாசல் ஹஜ்ரத் வாசித்தபோது காதில் விழுந்த பெயர். அதுவரை என் வாயால் சொன்னதில்லை.

“நைனா முகம்மதூ! நில்லுங்க!”

பள்ளிக்கூடத்தில் ஆஜர் கூப்பிடுகிற மாதிரி முழுப் பெயர். மலை அதை இரண்டு தடவை திருப்பிச் சொன்னது. மனிதர் அப்படியே நின்றுவிட்டார். நின்று, மேலே பார்த்து என்ன கேட்டார் தெரியுமா?

“யாரும்மா அது, என் பேரைச் சொல்றது?”

“ஒங்க பொண்டாட்டிதான்! ஒரு அடி எடுத்து வச்சீக, நானே கொன்னுபுடுவேன். அப்படியே உக்காருங்க!”

உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்து உட்கார்ந்தே சரிந்து அவரிடம் போனேன். சேலை கிழிந்தது, போகட்டும். அவர் கையைப் பிடித்தேன். அழுகை வந்தது, அழுதேன். கண்ணாடியைத் துடைக்கக் கழற்றியபோது கால் வழுக்கிக் கை தவறிவிட்டதாம்.

என் கத்தலைக் கேட்டு அந்த மதுரைக்காரர் கீழிருந்து குரல் கொடுத்தார். “குறுக்க வராதீக! வந்த வழியே மேல ஏறிச் சுண்ணாம்பைப் புடிங்க. நாங்க நிக்கிறோம்!” அவர் ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் கூவ, நான் ஒவ்வொரு வெள்ளையையும் நகத்தால் சுரண்டிப் பார்க்க, இவர் என் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தார். பாதையைச் சேர ஒரு மணி நேரம் ஆனது. அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பேரைச் சொல்லியா கூப்புட்டீக?”

“ஆமா.”

“நல்ல காரியம் பண்ணுனீக. எனக்கா இருந்தா நாக்குப் பொரண்டிருக்காது” என்றார்.

ஆறேகாலுக்கு அடிவாரம். ஏழு மணிக் கடைசி பஸ் கிடைத்தது. பஸ்ஸில் கிழிந்த சேலையைச் சால்வையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர்தான் ஆரம்பித்தார்.

“நீ சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லையே புள்ள. வீட்டுல குசுகுசுன்னுதான பேசுற? எந்தச் சத்தம் ஒன்னோடதுன்னு எனக்கெப்படித் தெரியும்?”

“இன்னிக்குக் கேட்டீகல்ல? ஞாபகம் வச்சுக்கிருங்க.”

“அம்மாகிட்டச் சொல்ல வேணாம்.”

“கண்ணாடி ஒடஞ்சதையா, பேரு சொன்னதையா?”

“ரெண்டையும்” என்றார்.

கேட்ட வாசகிக்குச் சொல்கிறேன். விடியலில் ஏறுங்கள், நண்பகலுக்குள் இறங்கிவிடுங்கள். செருப்பு வழுக்காததாக இருக்கட்டும். அடையாளம் எதுவானாலும் தொட்டுப் பார்த்து நம்புங்கள். மேகம் இறங்கினால் நின்ற இடத்தில் சேர்ந்து நில்லுங்கள், “பத்தடி போய்ப் பார்க்கிறேன்” என்பவரை விடாதீர்கள். கண்ணாடி போட்டவர் என்றால் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டுங்கள். முக்கியமாக, ஏறுமுன் அடிவாரத்திலேயே ஒருவரையொருவர் ஒரு தடவை வாய்விட்டுக் கத்திக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். டீக்கடையில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

புதுக் கண்ணாடியோடு அவர் ஒன்பதாம் நாள் கப்பலேறினார். மூன்று வருஷம் கழித்து நாகப்பட்டினத்தில் அழைக்கப் போனேன். கப்பல் கடலில் தள்ளி நிற்க, ஆட்களைப் படகில் கொண்டுவந்து இறக்கினார்கள். கரையில் நூறு பெண்கள், நூறு “இந்தாங்க!”. யாரை யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் ஆண்கள் எல்லாப் பக்கமும் விழித்தார்கள். எங்களவர் படகிலிருந்து இறங்கி, கடல் தண்ணீர் தெறித்த கண்ணாடியைக் கழற்றிக் கைலியில் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரே ஒரு தடவை கூப்பிட்டேன், “இந்தாங்க.” கண்ணாடியைப் போடாமலே என் பக்கம் நடந்து வந்தார்.