பலாப்பால் வைக்கும் நாள்

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள், இரண்டு பேர் என் கொழுந்தன் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள். ஐந்து பேரும் இன்றைக்கு அவரவர் வீட்டில் அவரவர் சோற்றைத் தின்கிறார்கள். இவர்கள் போக, கொல்லிமலையில் ஒரு பள்ளிக்கூடத்து விடுதியில் இருபத்தாறு வருஷம் சோறாக்கிப் போட்டேன். அந்தப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் எந்தப் பிள்ளைக்கு ரசம் கூட ஊற்ற வேண்டும், எந்தப் பிள்ளை கத்தரிக்காயை ஒதுக்கும் என்று கேளுங்கள், இப்போதும் சொல்வேன். சோதனைக்கு வந்த ஆபீசர் ஒருத்தர் என் சாம்பாரை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சும்மா சொல்லவில்லை, பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தால் எதிரே கபடி மைதானம். செம்மண் தரை, சுண்ணாம்புக் கோடு, ஓரத்தில் ஒரு பலா மரம். நாலு மணிக்கு மேல் பெண்பிள்ளைகள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். மூடுபனி வந்துவிட்டால் ஆள் தெரியாது, "கபடி கபடி" என்ற சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்தோடுதான் நான் பருப்பை அடுப்பில் ஏற்றுவேன். ஆட்டம் முடியும்போது பருப்பு வெந்திருக்கும். மூடியைத் திறந்து பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. அன்றைக்குத்தான் பருப்பு சில சமயம் குழைந்துபோகும்.

கீழே நாமக்கல்லுக்குப் போய் ஜெயித்துவிட்டு வருவார்கள். வளைவு வளைவாக பஸ் ஏறி வரும். மலைப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது, பாட்டுப் பாடிக்கொண்டே வரும். கீழ்நாட்டிலிருந்து வந்த பி.டி. டீச்சர்தான் முகம் வெளுத்து, வாயைப் பொத்திக்கொண்டு இறங்குவார். "ஆயா, டீச்சருக்கு எலுமிச்சம்பழம் குடுங்க, எங்களுக்கு முட்டை குடுங்க" என்று கத்திக்கொண்டு கும்பலாக ஓடி வருவார்கள். அந்த ஓட்டத்தை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அந்த டீமில் ஒரு பழக்கம் இருந்தது. பலா காய்க்கிற காலத்தில்தான் புதுப் பிள்ளைகளை டீமில் சேர்ப்பார்கள். சேர்த்த அன்றைக்கு, பெரிய பிள்ளைகள் பலாப்பிஞ்சை ஒடித்து, வடிகிற பாலைப் புதுப் பிள்ளையின் இரண்டு உள்ளங்கையிலும் பூசி, கையைக் கும்பிட்ட மாதிரி ஒட்டிவிடுவார்கள். அதைப் "பால் வெக்கறது" என்பார்கள். பால் வைத்த கை எதிராளியின் காலைப் பிடித்தால் விடாது என்று ஒரு பேச்சு. மதியச் சோற்றுக்குப் புதுப் பிள்ளை கையை ஒட்டிக்கொண்டே வந்து உட்காரும். பெரிய பிள்ளைகள் உருண்டை பிடித்து ஊட்டுவார்கள், மூக்கில் அப்புவார்கள், தண்ணீரைச் சட்டையில் ஊற்றுவார்கள். பிள்ளை நெளியும், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சாயங்காலம் மணி அடித்த பிறகு என்னிடம் கூட்டிவருவார்கள். நான் தேங்காயெண்ணெய் ஊற்றித் தேய்த்துக் கையைப் பிரித்துவிடுவேன்.

அந்த நாள் எனக்கு நோம்பி, திருவிழா மாதிரி. காலையிலேயே எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து ஜன்னலில் வைத்துவிடுவேன். சில பிள்ளைகள் அழும். "இதுக்குப் போயி அழுவாங்களா சாமி? எல்லாத்துக்கும்தான் வெக்கறாங்க" என்று சொல்லித் தேய்ப்பேன். என் மகள் வயிற்றுப் பேத்தி அதே விடுதியில் இருந்து படித்தாள். அவள் அம்மாவும் அப்பாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். எட்டாவது படிக்கும்போது அவளுக்கும் பால் வைத்தார்கள். அவளும் அழுதாள். அவளிடமும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன்.

அவள் பதினொன்றாவது வந்தபோது டீமுக்குக் கேப்டன் ஆனாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. செம்மேட்டுச் சந்தையில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சொன்னேன். அந்த வருஷம் மலையிலேயே குண்டூர் நாட்டுப் பக்கமிருந்து ஒரு பிள்ளை ஒன்பதாவதில் வந்து சேர்ந்தாள். ஒல்லியான பிள்ளை, இடுப்புக்குக் கீழே தொங்குகிற சடை. ஆனால் கோட்டைத் தாண்டிப் போனால் யார் கைக்கும் அகப்பட மாட்டாள். ஜன்னலில் நின்று நானே கரண்டியோடு கை தட்டியிருக்கிறேன்.

பால் வைக்கிற அன்றைக்கு அவள் மாட்டேன் என்றாள். இரண்டு கையையும் மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டாள்.

"நான் கபடி ஆடத்தான் வந்தேன். இது எதுக்கு?"

"எதுக்கா? கேப்டனுக்கே வெச்சாங்க. நீ என்ன மகாராணியா?"

"வெச்சுக்கிட்டது அவங்க இஷ்டம்."

இவ்வளவும் என் காதில் விழுந்தது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டு சிரித்தேன். கொஞ்ச நேரம் இழுபறி. பிறகு யாரோ, "கை குடுக்கலீன்னா தலையில வெய்யிங்கடி" என்றார்கள். நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். பால் வடிகிற பிஞ்சை அவள் உச்சந்தலையில் வைத்துத் தேய்த்தது என் பேத்தி. நான் ஜன்னலில் நின்று பார்க்கும்போதே அந்தப் பிள்ளை பிய்த்துக்கொண்டு ஓடிவிட்டாள். எண்ணெய்க்கு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை.

மறுநாள் காலையில்தான் வந்தாள். பால் காய்ந்து, சடை கயிறு மாதிரி இறுகியிருந்தது. ஆட்டுக்கல் மேல் உட்காரவைத்து எண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், சீப்பு போட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. கத்தரியை எடுத்தேன். அவள் அழவே இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"யாரு சாமி உந்தலையில வெச்சது?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா ஆயா? நேத்துக் காலையிலயே எண்ணெயக் கிண்ணத்துல ஊத்தி வெச்சிருந்தீங்களே."

காதோரம் அளவாக வெட்டி முடித்தேன். பதினோரு மணி பஸ்ஸில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

தலைமை ஆசிரியையான பெரிய டீச்சர் டீமை வரிசையாக நிற்கவைத்து விசாரித்தார்.

"பலா மரத்தடியில ஒடைஞ்ச காய் கெடந்ததுங்க டீச்சர். பாக்காம அதும்மேல தலைய வெச்சுப் படுத்துட்டா" என்றாள் என் பேத்தி. இமைகூட அசையவில்லை. மற்றவர்கள் தலையாட்டினார்கள். பி.டி. டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரிய டீச்சர் என் பக்கம் திரும்பி, "ஏம்மா, அப்படித்தானா?" என்றார்.

அடுத்த வாரம் நாமக்கல்லில் மேட்ச். அங்கே நன்றாக ஆடினால் பேத்திக்குக் கீழே சர்க்கார் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும் என்று பேச்சு இருந்தது. "ஆமாங்க" என்றேன்.

நாலு நாள் கழித்து அந்தப் பிள்ளையின் அம்மா வந்தாள், டி.சி. வாங்கிக்கொண்டு போக. பெரிய டீச்சர் வரும்வரை சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்தாள். எனக்கென்று ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கொண்டுவந்திருந்தாள்.

"ஏனுங்க, முடி வெட்டிவுட்டது நீங்கதானுங்களா? காதோரமெல்லாம் அளவா வெட்டியிருக்குதுன்னு ஊட்ல பேசிக்கிட்டோமுங்க."

"புள்ள எங்கீங்க?"

"சாமைக்காட்டுல களை எடுக்கறா. படிக்க வேண்டாமுன்னுட்டா. என்ன ஆச்சுன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறா. இங்க கேட்டாத்தான் தெரியுது, காய்மேல தலைய வெச்சுப் படுத்தாளாம். எம்புள்ளைக்கு அறிவே இல்லீங்க. என்ன பண்றது, பொண்ணு கேட்டு வந்தவங்களப் பாக்கச் சொல்லிக் கட்டிக்குடுத்தர வேண்டீதுதான்."

செய்யாத தப்புக்குப் பெற்றவளே பிள்ளையைத் திட்டுகிறாள், நான் அவள் கொண்டுவந்த பழத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதை என்னால் தாங்க முடியவில்லை. சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்து எழுப்பினேன். பெரிய டீச்சர் அறைக்கு நேராகக் கூட்டிக்கொண்டு போனேன்.

"டீச்சர், அன்னிக்கு நான் பொய் சொல்லீட்டனுங்க. இந்தம்மா புள்ள எங்கயும் படுக்கலீங்க. புடிச்சு வெச்சுப் பூசுனாங்க. பூசுனது எம்பேத்தி. வருசா வருசம் நடக்குதுங்க இது. எண்ணெய் எடுத்துக் குடுத்தது நானுங்க."

அந்த அம்மா என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள். பெரிய டீச்சர் பேனாவை எடுத்தார்.

"எழுதினா உங்க பேத்தி டீம்ல இருக்க முடியாது. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதானுங்க. எழுதறப்ப எம்பேர மொதல்ல எழுதுங்க."

எழுதினார். அந்த அம்மா டி.சி. வாங்காமலே ஊருக்குப் போனாள். எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். கைநாட்டு வைக்கவில்லை, கையெழுத்துத்தான் போட்டேன். பி.டி. டீச்சருக்கும் ஒன்று போனது. பேத்தியை அந்த வருஷம் முழுக்க ஆடக்கூடாது என்றார்கள். டீம் நாமக்கல்லுக்குப் போகவில்லை.

பேத்தி சமையல்கட்டுக்குள் வந்து அண்டாவை ஒரு உதை விட்டாள்.

"உனக்கு என்ன அம்மாயி கேடு? யாரும் உன்னைக் கேக்கலையே! இனி எந்த விடுதியில எனக்கு எடம் குடுப்பாங்க?"

"நீ பண்ணுனது தப்பு கண்ணு."

"தப்பா? எனக்கு வெச்சப்ப நீ சிரிச்ச. நான் அழுதேன், நீ சிரிச்சுக்கிட்டே எண்ணெய் தேச்ச. அப்பத் தப்பில்லையா?"

ஐந்து பேரை வளர்த்தவள் நான். "அப்பவும் தப்புத்தான்" என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. சொன்ன பிறகுதான் என்னோடு வரச் சம்மதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் அந்த ஊருக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தோம். அந்தப் பிள்ளை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சாமைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

"எதுக்கு அப்படிப் பண்ணுனீங்க?" என்றாள் என் பேத்தியைப் பார்த்து.

"எனக்கும் பண்ணுனாங்க."

"அதுக்கு நான் என்ன பண்ணுனேன்?"

பேத்தியும் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்தாள். சின்னப் பிள்ளையிலிருந்தே விடுதியில் வளர்ந்தவள், காடு தெரியாது.

"அய்யோ, அது சாமைங்க! களை இல்ல!" என்று அந்தப் பிள்ளை கத்தினாள். "அம்மா, இங்க வந்து பாரு, நம்ம பயிரக் கேப்டனு காலி பண்ணீருவாங்க!"

அவள் அம்மா வரப்பில் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள், சிரிப்பை மறைக்க. எனக்கு அவள் அன்றைக்குக் காப்பி கொடுக்கவில்லை. கொடுக்காதது சரிதான். பேத்தி மண் கையோடு எழுந்து, "நான் பண்ணுனது தப்பு. அது மட்டுமில்ல, பொய்யும் சொன்னேன். நீ வா. நான் ஆட மாட்டேன், நீ ஆடு" என்றாள்.

"வாரேன்னு சொல்லல. பாக்கறேன்" என்றாள் அந்தப் பிள்ளை.

பதினோராம் நாள் வந்தாள். வெட்டின முடியோடு வந்தாள், துண்டு கட்டவில்லை. அடுத்த வருஷம் அவள்தான் கோட்டைத் தாண்டிப் போய்ப் போய் வந்தாள். டீம் கீழே போய் ஜெயித்துவிட்டு வந்தது. பேத்தியைத் திரும்ப டீமில் சேர்த்தார்கள், ஆனால் கேப்டன் ஆக்கவில்லை. விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் உறுத்தத்தான் செய்கிறது, சொல்லிவிட்டேனே என்று அல்ல, முன்னாலேயே ஜன்னலைத் தாண்டிப் போய்க் கையைப் பிடிக்காமல் விட்டேனே என்று.

பால் வைப்பது அதோடு நின்றுபோனது. மறுவருஷம் பலா காய்த்தபோது புதுப் பிள்ளைகள் வந்தார்கள், பெயர் எழுதினார்கள், ஆடினார்கள், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால், மதியம் சோறு போடும்போது என் கண் அந்த ஊட்டிவிடுகிற கூத்தைத் தேடியது. தப்பென்று தெரிந்த பிறகும் தேடியது. இப்போதும் அந்தச் சிரிப்புச் சத்தம் காதில் இருக்கிறது. அதற்குள்ளே ஒரு பிள்ளை அழுததும் சேர்ந்தேதான் கேட்கிறது.

பேத்தி இப்போது நாமக்கல்லில் ஒரு முட்டை ஆபீசில் வேலை பார்க்கிறாள். லீவுக்கு வந்திருக்கிறாள். அதற்குப் பிறகு இந்த விஷயத்தை அவளும் பேசுவதில்லை, நானும் பேசியதில்லை. நான் இதையெல்லாம் எழுதுகிற நோட்டை மூடப்போனதைப் பார்த்துவிட்டு, "என்ன அம்மாயி, நாலு நாளா எழுதற?" என்று கேட்டாள்.

"இங்க வந்து உக்காரு கண்ணு. எம்பட எழுத்து எனக்கே புடிபடல. மொதல்ல இருந்து சத்தமாப் படி. உன்னையப் பத்தி வர்ற எடத்தைத் தாண்டிப் போயராத. நான் தப்பா எழுதியிருந்தா அங்கயே நிறுத்திச் சொல்லு, அடிச்சுட்டு எழுதறேன்."