நற்கருணைக்கு எழாத ஞாயிறுகள்

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் நற்கருணை. ஆயர் அழைத்ததும் முதலில் ஆண்கள், பிறகு பெண்கள், ஒவ்வொரு பெஞ்சாக எழுந்து முன்னால் போய் முழங்காலிட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்கிக்கொள்வார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஐந்து வருஷம் நான் எழவில்லை. மற்றவர்கள் என் முழங்காலை இடித்துக்கொண்டு தாண்டிப் போவார்கள். நான் என் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

காரணம் என் தங்கையின் கல்யாணம்.

அவளைக் கட்டிக்கொள்ள வந்தவர் நான் வேலை பார்த்த தொழிற்சாலையிலேயே பக்கத்து லேத்தில் நின்றவர். நல்ல மனுஷன், யாரையும் கடிந்து பேசமாட்டார். சம்பந்தம் பேசி முடித்த பிறகு ஒரு நாள், சாப்பாட்டுச் சைரன் ஊதியதும் கை கழுவப் போனேன். அவர் குழாயடியில் இருமித் துப்பிக்கொண்டிருந்தார். தொட்டியில் ரத்தம். என்னைப் பார்த்ததும் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, பல்லில் கசிகிறது என்றார். சரி என்றேன். பல்லிலிருந்து அவ்வளவு ரத்தம் வராது என்று எனக்குத் தெரியும். எங்கள் அப்பாவும் இப்படி ரத்தம் துப்பி, காச நோயில்தான் போனார். அம்மா அதற்கும் முன்பே போய்விட்டாள்.

அடுத்த மூன்று ஞாயிறும் கோயிலில் விவாக அறிக்கை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சொல்லிவிட்டு ஆயர் ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார். மூன்று முறை நிறுத்தினார். மூன்று முறையும் நான் சும்மா இருந்தேன். தங்கவயலில் எனக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் வீட்டார் ஒரு வருஷமாகக் காத்திருந்தார்கள். தங்கை கரையேறாமல் அண்ணன் மாலை மாற்ற முடியாது. எனக்கோ முப்பது தாண்டிவிட்டது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு கல்யாணமும் நடந்தது. மூன்றே வருஷத்தில் அதே நோயில் அவர் போய்விட்டார். அன்றே சொல்லியிருந்தால் அன்றே ஊசி மருந்து போட்டுப் பிழைத்திருப்பாரோ என்னவோ. தங்கை கைக்குழந்தையோடு அல்சூரில் எங்கள் தெருவிலேயே ஓர் அறை எடுத்துத் தையல் மிஷின் போட்டாள். அடக்கம் முடிந்து வந்த முதல் நற்கருணையில் என்னால் எழ முடியவில்லை. தகுதியில்லாதவன் அந்த அப்பத்தைத் தொடக்கூடாது என்று கேட்டே வளர்ந்தவன் நான்.

ஆனால் முந்தின சனிக்கிழமை சாயங்காலம், நற்கருணைக்கு மனதைத் தயார்செய்கிற ஆயத்த ஆராதனைக்குத் தவறாமல் போவேன். லேத்தில் எட்டு மணி நேரம் நின்ற காலோடு நின்று, எல்லோரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வேன். மறுநாள் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவேன். இதில் எனக்கு ஒரு கௌரவம்கூட இருந்திருக்கிறது. மற்றவர்கள் சுலபமாக மன்னிப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கறி சமைக்கப் போகிறார்கள், நான் ஒருவன்தான் ஒழுங்காகத் தண்டனை அனுபவிக்கிறேன் என்ற நினைப்பு. என் மனைவி இரண்டு தடவை காரணம் கேட்டுவிட்டு விட்டுவிட்டாள். ஆயர் வீடு தேடி வந்து கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கென்று வருகிற நோயா என்று சிரித்துவிட்டுக் காப்பி குடித்துப் போனார்.

ஐந்தாம் வருஷம் ஒரு சாயங்காலம், என் மகளுக்குத் தைத்த கவுனை வாங்கத் தங்கை வீட்டுக்குப் போனேன். மிஷினை மிதித்துக்கொண்டே பேசினாள். சபையின் மாதர் சங்கத்தில் சேரக் கேட்டிருக்கிறாள். முதலில் அண்ணனோடு சமாதானமாகு, அப்புறம் வா என்றார்களாம். நமக்குள் என்ன சண்டை என்றேன்.

"கூடப்பொறந்தவங்களோட மனஸ்தாபம் இருந்தா நற்கருணைப் பந்திக்குப் போவக்கூடாது இல்ல? நீங்க போறதில்ல. உங்களுக்குக் கூடப்பொறந்தவ நான் ஒருத்திதான். அப்ப சண்ட யாரோட? அஞ்சு வருசமா ஜனங்க அதத்தான் பேசுது. புருசனும் போயி, அண்ணனையும் பகைச்சிக்கிட்டு நிக்கறான்னு."

எனக்கென்று நான் போட்டுக்கொண்ட தண்டனையை ஐந்து வருஷமாக அவள் அனுபவித்திருக்கிறாள். அப்போதுதான் சொன்னேன். குழாயடி, ரத்தம், மூன்று ஞாயிறு, தங்கவயல், எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே மிஷின் நின்றுவிட்டது. அவள் அழவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்து, கவுனை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு இப்ப சொன்னா அது பொய்யாயிடும்ண்ணா. எனக்கு அவ்ளோ தெம்பில்ல. நீங்க எழுந்து போங்க. உங்க குத்தத்த ஆண்டவர்கிட்ட வெச்சிக்குங்க, என் தலைமேல வெக்காதீங்க."

அடுத்த முதல் ஞாயிறு எழுந்து போனேன். பாரம் இறங்கியதா என்றால், இல்லை. இறங்கட்டும், அப்புறம் போகலாம் என்று அத்தனை வருஷம் காத்திருந்ததுதான் என் முட்டாள்தனம். தகுதி வந்துவிட்டதாகவும் தோன்றவில்லை. சோர்வாக இருந்தது. கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வந்து உட்கார்ந்து பெண்கள் பக்கம் பார்த்தேன். அவள் பெஞ்சில் மற்றவர்கள் எல்லோரும் எழுந்து போயிருந்தார்கள். ஒரு மாதம்கூடத் தவறாமல் போய்க்கொண்டிருந்தவள், அன்று மகளை அணைத்தபடி தனியாக உட்கார்ந்திருந்தாள். முதல்முறையாக எங்களுக்குள் நிஜமாகவே மனஸ்தாபம் இருந்தது. பக்கத்திலிருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஏழு மாதம் அப்படியே உட்கார்ந்தாள். ஏழு மாதமும் நான் எழுந்து போனேன். அவளைப் பார்த்துக்கொண்டே போவதைவிட, போகாமல் இருந்தது எத்தனையோ சுலபம். எதுவும் கேட்கவில்லை. தினமும் காலையில் அவள் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எட்டாம் மாதம் பெண்கள் எழுந்தபோது அவளும் எழுந்தாள். யாரையும் பார்க்காமல் முன்னால் நடந்தாள். நான் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு அழுதேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், "கோவம் இன்னும் கொஞ்சம் இருக்குண்ணா" என்றாள். இருக்கட்டும் என்றேன். அன்று மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள்.