வெளியே பூட்டு, உள்ளே ஆள்

அந்த வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை நான் எழுதியிருக்க வேண்டுமா, கூடாதா? போன மழைக்காலத்துக்கு முன்னால் வந்த கேள்வி இது. இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆம்பூரில் பாலாற்றை ஒட்டிய எங்கள் வார்டில் வீடு வீடாக ஒரு கணக்கெடுப்பு நடந்தது. வெள்ளம் வந்தாலோ நோய் பரவினாலோ யாரை முதலில் கவனிப்பது என்று முன்கூட்டியே தெரிந்து வைப்பதற்காக. படுக்கையில் கிடப்பவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, தனியாக இருப்பவர் என்று கேட்டு எழுதி, தெருப் படத்தில் அந்த வீட்டுக்கு வண்ணம் போட வேண்டும். தூக்கித்தான் வர வேண்டும் என்றால் சிவப்பு. கைத்தாங்கல் போதுமென்றால் மஞ்சள். தானே நடந்து வருபவர்களுக்குப் பச்சை. கதவு சாத்தியிருந்தால் ‘பூட்டியுள்ளது’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம்.

பட்டப்படிப்பு முடித்துக் குழந்தையோடு வீட்டில் இருந்த எனக்கு அது தற்காலிக வேலை. ஒன்றரை வயது மகளை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். எங்கள் பக்கத்துப் பெண்களில் பலர் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். விடிந்ததும் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். அதனால் பூட்டிய வீடுகள் நிறைய. இரண்டே நாள் காலையில் என் தெருக்கள் முடிந்துவிட்டன. சுலபமாக முடிந்ததே என்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

கடைசிச் சந்தில் ஒரு பூட்டிய கதவின் முன் நின்று எழுதிக்கொண்டிருந்தபோது உள்ளே தட்டில் ஸ்பூனால் தட்டும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பத்துப் பதினோரு வயதுப் பெண் பாயில் படுத்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். வீட்ல யாரும்மா இருக்காங்க என்று கேட்டேன். மறுபடியும் தட்டைத் தட்டினாள்.

“இன்னாம்மா, பூட்டுகிட்ட கணக்கெடுக்கிறியா?” என்றார் எதிர்வீட்டு அம்மா, வாசலில் பூண்டு உரித்துக்கொண்டே. பிறகு அவரே விவரம் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு நடக்க வராது, பேச்சும் வராது. அப்பா இல்லை. அம்மா கம்பெனிக்குப் போகிறாள். சாவி தன்னிடம்தான் இருக்கிறது, மத்தியானம் திறந்து சோறு ஊட்டிவிட்டு மறுபடி பூட்டிவிடுவதாகச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. குழந்தையை உள்ளே வைத்துப் பூட்டுகிற தாய் எப்படிப்பட்டவள்? உடனே யாருக்காவது போன் செய்யலாமா என்று தோன்றியது. செல்லைக் கையில் எடுத்த பிறகுதான், மகள் தூங்குகிறாளே என்று வெளியே தாழ் போட்டுவிட்டு நானே பால் வாங்க ஓடிய நாட்கள் ஞாபகம் வந்தன. செல்லைப் பைக்குள் போட்டேன்.

சாயங்காலம் கம்பெனி பஸ் வரும் நேரத்துக்கு, இடுப்பில் மகளோடு திரும்பப் போனேன். அந்தத் தாய்க்கு என் வயதுதான் இருக்கும். விரல் நுனியெல்லாம் ஷூ ஒட்டும் பசை காய்ந்திருந்தது. பொண்ணைக் கூட்டிட்டுப் போய்டுவாங்களா என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. இது அதற்கான பேப்பர் இல்லை என்று நான் விளக்கியதும் மகளின் பாய் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“எழுதிக்கங்க மேடம். நடக்க மாட்டா, தூக்கணும். சாவி யார்கிட்டன்னு மட்டும் எழுதாதீங்க.”

தண்ணீர் வந்தால் கதவை எப்படித் திறப்பார்கள் என்று கேட்டேன்.

“உடைக்கட்டும். பூட்டு போனா போவுது. இந்தப் பேப்பர் எத்தினி பேரு கைக்குப் போவும், சொல்லுங்க? பகல்ல ஒரு பொண்ணு தனியா கெடக்குறா, சாவி எதிர்வீட்லன்னு இருந்தா, படிக்கிறவன் அத்தினி பேரும் தூக்கிக் காப்பாத்தத்தான் வருவானா?”

வீட்டுக்குச் சிவப்பு போட்டேன். ‘பகலில் கதவு பூட்டியிருக்கும், உடைத்துத் திறக்கவும்’ என்று மட்டும் எழுதினேன்.

மறுநாள் மேற்பார்வையாளரிடம், பூட்டிய வீடுகளுக்கெல்லாம் மறுபடி போக வேண்டும் என்றேன். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது என்றார். தெரியும் சார் என்றேன். குழந்தையை வைத்துக்கொண்டு எதற்கு இந்தப் பேஜார் என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார். இரண்டு நாள் கழித்து அவரே மகளை வாங்கிக்கொண்டார். ஒரு வாரம், பஸ் வந்த பிறகு, ஒவ்வொரு பூட்டாகப் போனேன். பக்கவாதம் வந்த ஒரு கணவர் பகலெல்லாம் உள்ளே இருந்தார். இன்னொரு வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். நான் ‘பூட்டியுள்ளது’ என்று எழுதிவிட்டுப் போன தெருவின் படம் மாறிப்போனது.

போன மழையில் வெள்ளம் வரவில்லை. ஆனால் அந்தச் சந்து வீடு மனதை விட்டுப் போகவில்லை. எதிர்வீட்டு அம்மா மாதத்தில் சில நாள் வாலாஜாபேட்டையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விடுகிறார். அந்த நாட்களில் சாவி தாயோடு கம்பெனிக்கே போகிறது. கதவுக்கு முன்னால் இரும்பு கிரில் வேறு. அதை உடைக்க எவ்வளவு நேரமாகும், அதற்குள் தண்ணீர் பாய் மட்டத்துக்கு வந்துவிடாதா என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். இன்னொரு சாவியை என்னிடம் தரச் சொல்லிக் கேட்கலாம். நான் இருப்பது மூன்று தெரு தள்ளி. என்னை அவள் ஏன் நம்ப வேண்டும்?

அடுத்த மாதம் பட்டியலைத் திருத்தப் போகிறோம். நடக்க முடியாத ஒருவரை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். இப்படிப் பட்டியல் எடுத்தவர்களும் இருக்கலாம். உங்கள் தெருவில் சாவியை யாரிடம் கொடுத்தீர்கள்? அதை எழுதி வைத்தீர்களா, வாயால் மட்டும் சொல்லி வைத்தீர்களா? அந்தத் தாயின் பயத்தையும் மதித்து, பெண்ணையும் காப்பாற்றுகிற வழி ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால், மழைக்கு முன் எனக்கு எழுதுங்கள்.